கேளுங்கள், சொல்கிறோம்: திருவிழாப் பயணத்தில் தலையும் நகமும்

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்து இரண்டு கிழமை நிற்பேன். மூன்றாம் நாளே தலைமயிர் தும்பாகிவிடுகிறது. கொண்டுவரும் ஷாம்பூ நுரைப்பதும் இல்லை. ஏன்?

பதில்: ஷாம்பூவில் பிழை இல்லை, தண்ணீரைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனால் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். சவர்க்காரம் இதோடு சேர்ந்தால் கரையாத பசையாகி மயிரில் ஒட்டும். ஆகவே தலைக்குச் சவர்க்காரக் கட்டி வேண்டவே வேண்டாம். ஷாம்பூ அப்படித் திரளாது, நுரைதான் குறையும். நுரை காணாதென்று இன்னும் இன்னும் ஊற்றுவதில்தான் மயிர் வறண்டுபோகிறது.

முழுக அரை மணித்தியாலம் முன் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை நுனிப்பக்கம் பூசுங்கள். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து உச்சந்தலைக்கு மட்டும் போடுங்கள். கடைசியில் ஒரு லீற்றர் தண்ணீரில் அரைத் தேசிக்காயின் புளியை வடித்துவிட்டு ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்து அலசுங்கள். வடிக்காவிட்டால் சக்கை மயிரில் காய்ந்து, பொடுகோ என்று பயப்படுவீர்கள். கழுத்தில், கையில் பட்ட புளியை நன்றாகக் கழுவாமல் வெயிலில் இறங்காதீர்கள். தோல் எரிந்து, கறுத்த அடையாளம் கிழமைக்கணக்கில் நிற்கும்.

கேள்வி: நெடுந்தீவுக்கு ஒருநாள் பயணம். மகளின் நீள மயிரை என்ன செய்வது?

பதில்: குறிகாட்டுவானில் படகு ஏறுமுன் இறுக்கிப் பின்னிவிடுங்கள். கடலில் குளிப்பதானால் முதலில் நல்ல தண்ணீரால் தலையை நனையுங்கள். ஏற்கெனவே ஊறிய மயிர் உப்புத்தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். தீவில் உவர்க் கிணறுகள் உண்டு, அலச இரண்டு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். சிக்கை அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே எடுங்கள்.

கேள்வி: பிளேனில் கைப்பையில் நகவெட்டி கொண்டுவரலாமா? கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) அகற்றும் திரவம்?

பதில்: நகவெட்டியைப் பொதுவாக விடுவார்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு அது எதற்கு? கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர்தான் வளரும், கால்நகம் அதில் பாதி. புறப்பட இரண்டு நாள் முன் வெட்டிவிட்டு, பையில் ஒரு நக அரம் மட்டும் வையுங்கள். புறப்படும் காலையில் ஆழ வெட்டினால் சப்பாத்துக்குள் நோவோடு இருக்க வேண்டிவரும். கால் பெருவிரல் நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையை வளைத்து எடுத்தால் சதைக்குள் வளரும். அரத்தை நகம் காய்ந்த பின் ஒரே திசையில் இழுங்கள். ஈர நகம் இழை இழையாகப் பிரியும்.

அகற்றும் திரவம் எளிதில் தீப்பற்றும், பையில் ஒழுகினால் பிளாஸ்ரிக்கையும் இளக்கும். நிறமில்லாத கியூட்டெக்ஸ் பூசி வந்தால் அது தேவையில்லை. அங்கங்கே உரிந்தாலும் தெரியாது. நகம் பாதியில் வெடித்தால் அதையே இரண்டு தரம் பூச, இரண்டொரு நாள் தாங்கும்.

கோயில் வீதியில் அடியழிக்கிறவர்கள் (அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு வருகிறவர்கள்) முதலில் விரல் நுனிகளைக் காய்ந்த சவர்க்காரக் கட்டியில் சுரண்டிக்கொள்ளுங்கள். நகக்கண்ணுக்குள் மணல் போக இடமிராது. பிறகு தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும், ஈர்க்கால் கிண்டாதீர்கள்.