பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் சூடானதும் ரேஸ் இறங்க மாட்டேன் என்கிறது. கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?

இப்போதைக்குக் கார்புரேட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள் தம்பி. கோபியில் அப்பிச்சி வீட்டில் பல வருடம் சும்மா நின்ற வண்டி, காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது, சூடேறியதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்குவதில்லை, பிளக் வெள்ளையாக இருக்கிறது, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பர் மேல்தான். கடையில் மேனிஃபோல்டு ரப்பர் என்று கேட்டால் தருவார்கள்.

ஆர்எக்ஸ் 100 நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. கடைசியாக வந்ததற்கே ஏறக்குறைய முப்பது வயது. இரும்பும் அலுமினியமும் இன்னும் பல வருடம் தாங்கும், ரப்பர் தாங்காது. ஒரு பக்கம் சிலிண்டர் சூடு, இன்னொரு பக்கம் பெட்ரோல் ஆவி, மேலே நம் ஊர் வெயில். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் அது காய்ந்து இறுகிக்கொண்டேதான் இருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. அதனால் பெட்ரோல் டியூபையும் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ரப்பர் வெடித்திருந்தால் பெட்ரோல் ஒழுக வேண்டுமே, ஒரு சொட்டுகூடக் காணோமே என்று தோன்றும். கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி பைப்பில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். சக்ஷன் பைப்பில் மயிரிழை விரிசல் விட்டால் வெளியே ஈரம்கூடத் தெரியாது. உள்ளே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், மோட்டார் ஏர் பிடித்துவிட்டது என்போம். உங்கள் வண்டியில் அந்த ரப்பர் இருப்பது சக்ஷன் பக்கம். கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையில் கணக்கில்லாத காற்று சேர்கிறது, பெட்ரோல் விகிதம் குறைகிறது, என்ஜின் தேவைக்கு மேல் சூடாகிறது. டூ ஸ்ட்ரோக்கில் இது முற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சத்தி தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்க்கும் ஆசை இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கழற்றும் முன் ஒரு சோதனை. ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கினாலும் இதே குணம் தெரியும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், கைப்பிடியை விட்டதும் கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடு டக்கென்று கீழே விழுகிறதா என்று கேளுங்கள். அது சரி என்றால், வண்டி சூடான பின் ஐடிலிங்கில் விட்டு, செடிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலால் ரப்பரைச் சுற்றி மட்டும் தண்ணீரைப் பனி போல அடியுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். மாறாவிட்டால் கார்புரேட்டரைக் கையால் லேசாக மேலும் கீழும் அசைத்தபடி இன்னொரு தடவை அடியுங்கள். சில விரிசல் வளைந்தால்தான் வாய் திறக்கும். சில பட்டறைகளில் ஊசியில் பெட்ரோல் எடுத்து அடித்துப் பார்ப்பார்கள். கொதிக்கும் சைலன்சர் பக்கத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. பெட்ரோல் டேப்பை மூடி, இரண்டு பக்கக் கிளாம்பையும் தளர்த்தி, கார்புரேட்டரின் மேல் மூடியை ஸ்லைடோடு கழற்றித் தனியாக ஒரு துணியில் சுற்றித் தொங்கவிடுங்கள். ஸ்லைடில் தொங்கும் ஊசி வளைந்துவிடக் கூடாது. ஆயில் பம்பை முன்னால் யாரும் எடுத்துவிடவில்லை என்றால், 2டி ஆயில் வரும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். அதைக் கழற்ற நேர்ந்தால், மாட்டிய பின் குழாயில் காற்றுக் குமிழி இல்லாதபடி எடுத்துவிட்டுத்தான் வண்டியை ஓட்ட வேண்டும். இதை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். ஆயில் போகாத டூ ஸ்ட்ரோக் ரொம்ப தூரம் போகாது.

ரப்பரைக் கழற்றியதும் துவாரத்தில் சுத்தமான துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டுங்கள். அலுமினியத்தில் கோடு விழாமல் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. அந்த முகம் சமமாக இல்லாவிட்டால் புது ரப்பர் போட்டும் காற்று இழுக்கும். கை வைத்ததோடு, கலவை திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தகடுகள் படிந்து மூடியிருக்க வேண்டும். புதுப் பேக்கிங் வைத்து, அடைத்த துணியை எடுத்துவிட்டு, போல்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். புது ரப்பர் கார்புரேட்டரில் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

சிலிகான் பேஸ்ட் பூசி விரிசலை அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பெட்ரோல் பட்டதும் அது ஊறி உரிந்து வரும், உரிந்த துண்டு உள்ளே போகும். கிளாம்பை இன்னும் இறுக்கு என்பதும் அப்படித்தான். இறுகிப்போன ரப்பர் எவ்வளவு நெருக்கினாலும் பிடிக்காது, திருகின் மரை போவதுதான் மிச்சம். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் ஃபோர்க், வீல், மட்கார்டு தேடுங்கள், நான் தடுக்க மாட்டேன். பழைய ரப்பரை மட்டும் அங்கே வாங்காதீர்கள், அதுவும் உங்கள் வண்டி ரப்பர் வயதுதான். புதிது வாங்கும்போதும் கையில் மடக்கிப் பாருங்கள். இரும்புத் தகடும் ரப்பரும் சேரும் இடத்தில் பிரிவு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ரப்பரை யாரும் கண்டுகொள்வதில்லை. அது கிழிந்தால் ரேஸ் அவ்வளவாக மாறாது, ஆனால் ஃபில்டரில் வடிகட்டப்படாத புழுதி நேராக உள்ளே போகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால் பல்லடம், காங்கயம் பக்கம் சாலையில் எவ்வளவு மண் பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். அத்தனையும் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்க்கும். இரண்டு ரப்பரையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

மாற்றிய பின் ஐடிலிங்கைப் புதிதாக வைக்க வேண்டும். முன்பு பார்த்தவர் இந்தக் காற்றை ஈடுகட்ட ஊசியின் கிளிப்பை மாற்றியோ பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைப் பெரிதாகப் போட்டோ இருந்தால் வண்டி இப்போது புகை தள்ளும். அவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பாருங்கள், காபித்தூள் நிறம் வர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ரேஸ் ஏறினால் கிராங்க் ஆயில் சீலைப் பார்க்க வேண்டும். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயில் குறையும், வெள்ளைப் புகை வரும். மேக்னட் பக்க சீல் போனால் அப்படி அடையாளம் எதுவும் காட்டாது, காற்றை மட்டும் இழுக்கும். அதற்கு மேக்னட்டைக் கழற்ற வேண்டும், அதை இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். அந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.