குறட்டைக் கருவி, நைட் கார்ட், பொய்ப்பல்: நித்திரைக்காகப் பல்லுக்குச் செலவழிக்கும் முன்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, இரவு நித்திரையையும் வாயையும் சேர்த்துக் கேட்டவை. ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. குறட்டைச் சத்தம் தாங்காமல் பிள்ளைகள் வேறு அறைக்குப் போய்விட்டார்கள். வாயில் வைத்துக்கொண்டு படுக்கும் கருவி ஒன்றின் விளம்பரம் பேஸ்புக்கில் அடிக்கடி வருகிறது. விலை 4,900 ரூபா, பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும். கொதிநீரில் போட்டுக் கடித்தால் பல்லுக்கு ஏற்றபடி அமைந்துவிடுமாம். வாங்கலாமா?
– வாசகி, உவர்மலை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இப்படி ஒரு கருவி இருப்பதே பொய் என்று சொல்லவில்லை. மல்லாந்து படுக்கும்போது கீழ்த்தாடையும் நாக்கும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதை ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கத்துக்குள்ளால் காற்று போகும்போது தொண்டையின் மென்மையான பகுதிகள் அதிர்வதுதான் குறட்டை. கீழ்த்தாடையைச் சில மில்லிமீற்றர் முன்னே இழுத்துப் பிடித்து வைத்தால் பாதை விரியும். பல் வைத்தியர்கள் அளவெடுத்துச் செய்து கொடுக்கும் கருவியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. அமெரிக்க நித்திரை மருத்துவர்களின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டலிலும் அதற்கு இடம் இருக்கிறது.

ஆனால் உங்கள் கணவருக்கு இருப்பது வெறும் குறட்டைதானா என்பது இன்னும் தெரியாது. இதை நீங்களே ஓரளவு கவனிக்கலாம். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டு மறுபடி தொடங்குகிறதா? காலையில் தலையிடியோடு எழும்புகிறாரா? பகலில் கதிரையில் இருந்தபடியே, அல்லது வாகனம் ஓட்டும்போது கண் சொருகுகிறதா? பிரஷர் இருக்கிறதா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் அது நித்திரையில் மூச்சு தடைப்படும் வருத்தமாக இருக்கலாம். மணித்தியாலத்துக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டாலோ குறைந்தாலோ அது கணக்கில் வரும். 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. இதை ஓர் இரவு நித்திரையை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். பல் வைத்தியர் வாயைப் பார்த்துச் சந்தேகப்படலாம், ஆனால் முடிவாகச் சொல்வது அவருடைய வேலை அல்ல.

விளம்பரக் கருவியில் எனக்குப் பெரிய பயமே இதில்தான். அது சத்தத்தைக் குறைத்துவிடும், உள்ளே மூச்சு தடைப்படுவது அப்படியே இருக்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகப் படுப்பார்கள், அவருடைய இதயத்துக்கு மட்டும் ஓய்வு இல்லை.

ஆகவே முதலில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய், நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள். அவரைத் தனியே விட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார், ஏனென்றால் இரவு நடப்பது அவருக்குத் தெரியாது. நித்திரைப் பரிசோதனைக்கு அநேகமாகக் கொழும்புக்கோ கண்டிக்கோ கடிதம் தருவார்கள். தடை கடுமையாக இருந்தால் மூக்கில் பொருத்திக் காற்றை உள்ளே தள்ளும் 'சீபாப்' இயந்திரம்தான் கூடப் பலன் தரும். லேசானது அல்லது நடுத்தரம் என்றால், அல்லது அந்த இயந்திரம் ஒத்துவராவிட்டால், வாய்க் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் அளவெடுத்துச் செய்து, தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தக்கூடிய கருவிதான் நல்லது. கொதிநீர்க் கருவியில் அந்த நுணுக்கம் சரியாக வராது, நடு இரவில் கழன்று தலையணையில் கிடக்கும். எந்தக் கருவியானாலும் பல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆடும் பல், முரசு வீக்கம் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் செய்ய வேண்டும். நீண்ட நாள் பாவித்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து கடிக்கும் விதம் மாறலாம், தாடை மூட்டு நோகலாம். இதனால்தான் இடைக்கிடை பார்க்க ஒரு பல் வைத்தியர் தேவை. பார்சலில் அவர் வரமாட்டார்.

அதுவரைக்கும் காசில்லாத வழிகள் இருக்கின்றன: ஒருக்களித்துப் படுப்பது, இரவில் மதுவைத் தவிர்ப்பது, வயிறும் கழுத்தும் பருத்திருந்தால் எடையைக் குறைப்பது. வாயை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு படுக்கும் வீடியோக்களும் சுற்றுகின்றன. மூக்கு அடைப்போ மூச்சுத் தடையோ இருப்பவர் தயவுசெய்து அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: நான் ஆசிரியை. இரவில் பல்லை நெருமுகிறேன் என்று தங்கை சொல்கிறாள். காலையில் தாடை நோகிறது, நித்திரை கொண்ட மாதிரியே இல்லை. தனியார் கிளினிக்கில், இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொண்டு படுக்கும் நைட் கார்ட் போட 22,000 ரூபா கேட்கிறார்கள். விளையாட்டுச் சாமான் கடையில் ரப்பர் கார்ட் 1,200 ரூபாவுக்கு இருக்கிறது. எதை வாங்குவது?
– கிண்ணியா

பதில்: கடை ரப்பர், பந்தோ கையோ முகத்தில் படும்போது பல்லைக் காப்பதற்கு. இரவு முழுக்கக் கடித்துக்கொண்டு படுக்க அது சரிவராது. மென்மையான பொருளை வாயில் வைத்தால் சிலர் இன்னும் கூடுதலாக மெல்லத் தொடங்குவார்கள், தாடை நோவு கூடும். அளவெடுத்துச் செய்யும் கெட்டியான அக்ரிலிக் கார்ட்தான் பெரும்பாலும் பொருத்தம்.

ஆனால் 22,000 ரூபாவை எண்ணிக் கொடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கார்ட் பல் தேய்வதைத் தடுக்கும், சிலருக்கு நோவையும் குறைக்கலாம். நெருமும் பழக்கத்தை அது நிறுத்துவது நிச்சயமில்லை. மன அழுத்தம், பின்னேரத்துக்குப் பிறகு குடிக்கும் கோப்பி, புகை, மது, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் எல்லாம் நெருமுவதைக் கூட்டக்கூடியவை. நீங்கள் ஏதாவது மாத்திரை எடுத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நித்திரையில் மூச்சுத் தடை உள்ள சிலரும் நெருமுவார்கள். மேலே உவர்மலை வாசகிக்குச் சொன்ன அறிகுறிகளைத் தங்கையிடம் சொல்லிக் கவனிக்கச் செய்யுங்கள்.

கிளினிக்கில் கேளுங்கள்: கெட்டியானதா, மென்மையானதா? அளவெடுப்பதும் பிறகு வந்து கடியைச் சரிசெய்வதும் இந்தக் காசுக்குள் வருமா? ஆறு மாதத்தில் வெடித்தால் யார் பொறுப்பு? பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கிண்ணியா ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவில் ஒரு தடவை காட்டிவிட்டு முடிவெடுத்தால் இன்னும் நல்லது, அங்கே பார்ப்பதற்குக் காசில்லை. நெருமுகிறேன் என்று சொன்ன உடனேயே நாலைந்து பல்லைத் தேய்த்து 'கிரவுன்' என்னும் நிரந்தரக் கவசம் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், இரண்டாவது வைத்தியரைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

வாங்கிய பிறகு சுடுதண்ணீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும்.

கேள்வி: ஐந்து வயது மகன் இரவில் பல்லை நெருமுகிறான். வயிற்றில் பூச்சி, மருந்து வாங்கிக் கொடு என்கிறார் மாமி.
– தம்பலகாமம்

பதில்: பூச்சி மருந்து உரிய காலத்தில் கொடுப்பது நல்லதுதான், ஆனால் நெருமுவதற்கு அது மருந்தல்ல. சின்னப் பிள்ளைகளில் இது சாதாரணம், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். வளரும் தாடைக்குக் கார்ட் எதுவும் வாங்க வேண்டாம். வாயால் மூச்சு விட்டுக் குறட்டையும் விடுகிறான் என்றால் காட்டுங்கள், ரொன்சில் பெருத்திருக்கலாம்.

கேள்வி: கடைவாய்ப் பல் ஒன்று பகலில் பேசாமல் இருக்கிறது, படுத்தால் துடிக்கிறது. பாமசியில் கேட்டு அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டேன், இரண்டு இரவு நித்திரை வந்தது. மறுபடி வாங்கலாமா?
– திருக்கடலூர்

பதில்: வேண்டாம். படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால், பல்லுக்குள் வீங்கியிருக்கும், நரம்புள்ள கூழ்ப்பகுதி கூடுதலாகத் துடிக்கிறது. நீங்கள் வாங்கியது நரம்பு நோவுக்கு மருந்தல்ல. அந்த இரண்டு இரவும் நோவு தானாக அடங்கியிருக்கலாம், அல்லது நரம்பு செத்துக்கொண்டிருக்கலாம். பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். வைத்தியரிடம் போகும் வரை தலையை உயர்த்திப் படுங்கள், பரசிட்டமோலை அளவோடு எடுங்கள். அஸ்பிரின் வில்லையை முரசில் வைத்து அழுத்தாதீர்கள், புண்ணாகிவிடும். முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்க முடியாவிட்டால் விடியும் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 87 வயது. பொய்ப்பல்லோடுதான் நித்திரை கொள்கிறார். கழற்றினால் முகம் சப்பிப்போகும் என்று வெட்கப்படுகிறார்.
– நிலாவெளி

பதில்: கழற்ற வைத்துவிடுங்கள். யப்பானில் 85 வயதைத் தாண்டிய 500க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், இரவிலும் பொய்ப்பல்லோடு படுத்தவர்களுக்கு நியூமோனியா வந்த வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தூரிகையால் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைத்தால் போதும். வெட்கத்துக்கு மருந்து, மின்விளக்கை அணைத்த பிறகு கழற்றச் சொல்வது. புதிதாகப் பல் கட்டப் போனால், கட்டுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீடு தேடி வந்து மலிவாகக் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் அந்தப் பதிவு இருக்காது.

கேள்வி: நான் ஏற்கனவே அந்தக் குறட்டைக் கருவியை வாங்கிவிட்டேன். முரசு கிழிந்து இரத்தம் வருகிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. "வைத்தியர்கள் பரிந்துரைப்பது, 100 வீதம் உத்தரவாதம்" என்றுதான் விளம்பரத்தில் இருந்தது.
– மூதூர்

பதில்: பாவிப்பதை இன்றே நிறுத்துங்கள், காயத்தைப் பல் வைத்தியரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், விளம்பரம் மறைவதற்குள் அதைப் படம் பிடித்து வையுங்கள். கூரியர் பொதியின் மேலட்டை, காசு கொடுத்த துண்டு, அனுப்பிய குறுஞ்செய்திகள் எதையும் வீசாதீர்கள். வாயில் வைத்த பொருளை யாரும் மனமுவந்து திருப்பி எடுக்கமாட்டார்கள். ஆனால் பிழையான வாக்குறுதி கொடுத்து விற்பது வேறு விடயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. மருத்துவக் கருவிகளின் பதிவைப் பார்ப்பது தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை. பதிவு இல்லாத பொருள் என்று சந்தேகப்பட்டால் அங்கேயும் ஒரு பிரதி அனுப்பலாம்.

நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். எப்படி எழுதுவது என்று அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்துக் கேளுங்கள், தமிழிலேயே எழுதலாம்.