நாலாவது ஷெட்டில் என்ன நடந்தது?

கேள்வி: அம்மா, நான் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு என்று ஒரு டேட்டாபேஸ் மென்பொருள் செய்து 11 வருடமாக விற்கிறேன். குஞ்சு இறக்கிய நாளிலிருந்து கோழியைக் கழிக்கிற நாள் வரை தீவனம், தடுப்பூசி, இறப்பு, முட்டை எல்லாம் ஷெட்வாரியாக அதில் ஏறிவிடும். வாங்கியவர்கள் யாரும் விட்டுப் போனதில்லை. ஆனால் ஒரு பத்திரிகைகூட ஒரு வரி எழுதியதில்லை. வசதிகளின் பட்டியலை நாலு பக்கத்துக்கு இணைத்து எத்தனையோ பேருக்கு மெயில் போட்டுவிட்டேன். என் பெரியப்பா மகன் ஆரம்பித்த சாப்பாடு டெலிவரி ஆப்புக்குப் படத்தோடு அரைப் பக்கம் வந்தது, ஆறு மாதத்தில் அதை மூடியும் விட்டான். ஒரு விளம்பர ஏஜென்சி 3 லட்சம் கொடுத்தால் பத்திரிகைகளில் வரவைக்கிறோம் என்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா என்று யோசனை. அலைவதற்கு எனக்கு நேரம் இருக்கிறது, வாடிக்கையாளர் போனையெல்லாம் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். (எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான். போன மாதம் ஒருவர் முட்டை குறைகிறது, சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டுகிறது என்று கூப்பிட்டிருக்கிறார். இவள் பார்த்துவிட்டு, நாலாவது ஷெட்டில் மட்டும்தான் குறைகிறது என்று சொல்ல, அவர் போய்ப் பார்த்தால் கோழி தண்ணீர் குடிக்கிற குழாயின் நிப்பிள் அடைத்திருந்ததாம்.) நல்ல சரக்கு ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் நகையைத் தொடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். 3 லட்சத்துக்கு வருகிற செய்தி வந்த அன்றைக்கே செத்துவிடும். நீங்கள் அதை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவீர்கள், நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், அடுத்த மாதத்திலிருந்து வட்டி கட்ட வேண்டும். பேப்பரைப் பார்த்துப் பண்ணை மென்பொருள் வாங்கியவர் யாராவது உண்டா? பக்கத்துப் பண்ணைக்காரர் எதை வைத்திருக்கிறார், தீவனம் போடுகிறவர் என்ன சொல்கிறார், கால்நடை டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். 11 வருடம் அவர்களோடு பழகிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதும் இல்லை. அரிசி மில்லுக்குச் செய்தவர், சீட்டுக் கம்பெனிக்குச் செய்தவர், பள்ளிக்கூட பஸ்ஸுக்குச் செய்தவர் என்று வரிசையாக எழுதுகிறார்கள். உழைப்பு வீண்போகாது, ஒருநாள் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று எழுதி அனுப்புவது எனக்குச் சுலபம். எழுத மாட்டேன். அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் தள்ளிவிட்ட அந்த நாலு வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பதினொரு வருடக் கதையில் ஒரு நிருபர் பேனாவை எடுத்து எழுதிக்கொள்ளக்கூடிய ஒரே விஷயம் அதுதான். அதைப் போய் "சின்ன விஷயம்" என்கிறீர்கள். பண்ணையின் மொத்த முட்டையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்தக் குறைவு மொத்தத்தில் கரைந்துபோகும், வெயில் என்பார்கள், தீவனம் சரியில்லை என்பார்கள், கோழிக்கு வயசாகிவிட்டது என்பார்கள். ஷெட் ஷெட்டாகப் பிரித்து வைத்திருந்ததால்தான் மற்றதெல்லாம் நன்றாக இருக்க ஒன்று மட்டும் இறங்குவது தெரிந்தது. தண்ணீர் கிடைக்காத கோழி தீவனத்தைக் குறைக்கும், தீவனம் குறைந்தால் முட்டை குறையும், இன்னும் சில நாள் விட்டிருந்தால் அந்த மனிதருக்கு எத்தனை கோழி போயிருக்குமோ. இதை ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கோழிகளைக் கண்ணால் பார்க்காமல், போனிலேயே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் மென்பொருள் எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தில் இது இருந்ததா? பேக்கப் வசதி, பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வசதி, முப்பது வகை ரிப்போர்ட் என்றுதான் இருந்திருக்கும். கோழி வளர்த்தே இருக்காத உதவி ஆசிரியர் அதில் எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்?

பத்திரிகைக்காரர்கள் பக்க நியாயத்தையும் கேளுங்கள். ஒரு புதுப் போனைக் கொடுத்தால் நிருபர் ரெண்டு நாள் வைத்திருந்து கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று எழுதிவிடலாம். உங்கள் சரக்கை அப்படிச் சோதிக்க முடியாது. ஒரு பேட்ச் குஞ்சு இறக்கி, அது முட்டையிட ஆரம்பிக்கவே ஐந்து மாதம் போல ஆகும், அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் முட்டை, கடைசியில் கழித்துவிட்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் இந்த மென்பொருள் எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்பது தெரியும். எந்த ஆசிரியர் ஒன்றரை வருடம் காத்திருப்பார்? உங்கள் வாடிக்கையாளரும் வெளியே வாய் திறக்க மாட்டார். எத்தனை கோழி செத்தது, ஒரு முட்டைக்கு என்ன அடக்கம் என்பதெல்லாம் கடன் கொடுத்த பேங்குக்கும் போட்டிக்காரருக்கும் தெரியக்கூடாத கணக்கு. சினிமா பார்த்தவர் ஊரெல்லாம் சொல்வார், பண்ணைக் கணக்கு வைத்திருப்பவர் எதற்குச் சொல்லப்போகிறார்? டெலிவரி ஆப் அப்படியில்லை, சாப்பிடுகிற எல்லோருக்கும் புரியும், திறப்பு விழா உண்டு, போட்டோ உண்டு. அதனால் அரைப் பக்கம் கிடைத்தது. உங்கள் பெரியப்பா மகனைப் பற்றி எழுதினீர்களே, மூடிய பிறகு அவர் வீட்டுக்குப் போய் என்னப்பா ஆச்சு என்று விசாரித்தீர்களா? பங்காளி என்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பது எந்தக் காலத்திலும் செய்தி ஆனதில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கிற போனுக்குள் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஆனாலும் சரி, ஐபோன் ஆனாலும் சரி. ரிச்சர்ட் ஹிப் என்கிற அமெரிக்கர் 2000-ல் வெளியிட்டது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது, தகவலை வைத்துக் கேட்டபோது கொடுக்கிற டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோகும்போதெல்லாம் தங்கள் மென்பொருளும் படுத்துவிடுவதைப் பார்த்து, சர்வரே தேவையில்லாத ஒன்றைச் செய்தால் என்ன என்று ஆரம்பித்தார். இன்றைக்கு ஏர்பஸ் ஏ350 விமானத்துக்குள்ளும் அது இருக்கிறது. உரிமை எதுவும் கோராமல் பொதுச் சொத்தாக விட்டிருக்கிறார்கள், 2050 வரை பராமரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், வேலை செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நீங்கள் தினம் வாங்குகிற பேப்பரில் ஹிப்பின் பெயரை எத்தனை தடவை படித்திருக்கிறீர்கள்?

அவருடைய கம்பெனிக்கு ஹ்வாசி என்று பெயர். ஹிப், வைரிக் அண்ட் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. வைரிக் என்பது அவருடைய மனைவியின் பெயர்.

உங்கள் கம்பெனியில் உங்கள் மனைவி யார்? விசிட்டிங் கார்டில் அவர் பெயர் உண்டா? நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள், "போனையெல்லாம் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள்" என்று ஏதோ பால் பாக்கெட் வாங்கி வைக்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். யாரும் விட்டுப் போனதில்லை என்று பெருமைப்படுகிறீர்களே, அவர்கள் ஏன் போகவில்லை என்று நினைக்கிறீர்கள்? கூப்பிட்டால் எடுக்கிற ஒருவர் இருக்கிறார், எடுப்பவருக்குக் கோழிக் கணக்கும் தெரிகிறது, சாஃப்ட்வேர் தப்பு என்று கத்துகிறவரிடம் பொறுமையாக நாலாவது ஷெட்டைப் பாருங்கள் என்று சொல்லவும் தெரிகிறது. அந்த வேலைக்கு வெளியிலிருந்து ஓர் ஆளைப் போட்டால் மாதம் என்ன கொடுப்பீர்கள்? அதை இவருக்குக் கொடுக்கிறீர்களா? போனை எடுப்பது அவர், அடகுக்குப் போகப்போவது அவர் நகை, பேப்பரில் வரவேண்டிய படம் மட்டும் உங்களுடையதா? குடும்பத் தொழில் என்று ஒன்றை நடத்தினால் உழைக்கிற எல்லோருக்கும் அதில் பங்கும் பெயரும் இருந்தாக வேண்டும். இதில் எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது, பழைய காலத்து ஆள் என்று சொன்னாலும் சரி, புதுக் காலத்து ஆள் என்று சொன்னாலும் சரி.

டிபேஸ் என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருள் தெரியும்தானே, உங்கள் வயசுக்காரர்கள் படித்திருப்பீர்கள். அதை எழுதிய வெய்ன் ராட்லிஃப் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்தவர், ஃபுட்பால் பந்தயக் கணக்குக்காக வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்து, வல்கன் என்று பெயர் வைத்து 1979 அக்டோபரில் பைட் என்ற கம்ப்யூட்டர் இதழில் விளம்பரம் கொடுத்தார். ஆர்டர் வந்தது. ஆனால் விற்பதையும் அனுப்புவதையும் பதில் சொல்வதையும் ஒற்றை ஆளாகச் செய்து களைத்துப்போய், போதும் என்று விடுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற ரெண்டு பேர் வந்து விற்பனையை எடுத்துக்கொண்டு, டிபேஸ் 2 என்று பெயரை மாற்றினார்கள். மோசமான மென்பொருள் வாங்கி ஏமாந்தவர்களின் எரிச்சலை அப்படியே விளம்பரத்தில் பேசினார்கள். அதற்கப்புறம்தான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. வாங்குகிறவர் படும் பாடு என்ன என்று தெரிந்தவர்கள் வந்து பேசியதால் நடந்தது அது. உங்கள் வீட்டில் அது தெரிந்தவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறார், நீங்கள் 3 லட்சம் கொடுத்து வெளியே ஆள் தேடுகிறீர்கள்.

சரி, என்ன செய்வது? வாரத்தில் மூன்று நாள் அந்தப் போனை நீங்கள் எடுங்கள். எடுக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும், முதல் சில வாரம் உங்களுக்குப் பதில் தெரியாது, அவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும், கேளுங்கள். நீங்கள் போன் எடுக்கிற நாளில் அவர் உட்கார்ந்து, ஞாபகத்தில் இருக்கிற நல்ல அழைப்புகளில் ஒரு பத்தை எழுதட்டும்: யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், கணக்கில் என்ன தெரிந்தது, போய்ப் பார்த்தால் என்ன இருந்தது. சம்பந்தப்பட்ட பண்ணைக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் வெளியே சொல்லுங்கள், அவர் வேண்டாம் என்றால் பண்ணைப் பெயரும் ஊரும் வரவே கூடாது, அது அவர் வீட்டுக் கணக்கு.

எழுதியதைப் பெரிய பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். கோழிப்பண்ணைத் தொழிலுக்கென்றே வருகிற இதழ்கள் இருக்கின்றன, பண்ணைக்காரர் வரி விடாமல் படிப்பது அதைத்தான். உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பத்து வருடத்துக்கு மேல் ஷெட்வாரியாகச் சேர்ந்த கணக்கு என்றால் அங்கே ஒரு ஆசிரியராவது நிமிர்ந்து உட்காருவார். யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சிடிஎஸ்-ஐசிஸ் என்ற நூலக டேட்டாபேஸ் நம் நாட்டு நூலகங்களில் பரவியதே அப்படித்தான், நிசாட் என்ற மத்திய அரசுத் திட்டம் அதை விநியோகித்துப் பயிற்சி கொடுத்தது, கற்றுக்கொண்ட நூலகர்கள் அடுத்த நூலகருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தொழிலுக்கு வெளியே அதன் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. தெரியாததால் எந்த நூலகருக்கும் நஷ்டமில்லை.

தினசரி நிருபர்கள் உங்களைத் தேடி வருகிற நாளும் வரலாம். கோடையில் வெயில் ஏறிக் கோழிகள் சாகும்போதோ முட்டை விலை தாறுமாறாகப் போகும்போதோ, விவரம் தெரிந்து நாலு வார்த்தை பேசுகிற ஆளை அவர்கள் தேடுவார்கள். அப்போது பேச வேண்டியது உங்கள் மனைவி. "எங்கள் சாஃப்ட்வேர்" என்று நீங்கள் இடையில் புகாதீர்கள்.

ஆடிட்டரைப் பார்த்து அவரைப் பங்குதாரராகப் போட்டு, பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போடுங்கள், இந்த மாதமே. செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், இல்லை, அவரை எழுதச் சொல்லுங்கள். நிப்பிள் அடைத்திருக்கும் என்று அவருக்கே முதலில் தோன்றியதா, பண்ணைக்காரர் போய்ப் பார்த்துச் சொன்னதா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.