வீட்டுத் தொட்டியில் இரண்டு நியான் டெட்ரா மீன் போதுமா?

போதாது. 'ஜோடியா எடுத்துக்கோங்க சார்' என்று கடையில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

கொளத்தூரில் வாங்கினேன். கடைத் தொட்டியில் ஐம்பது அறுபது ஒன்றாகத் திரும்பும்போது நீலக்கோடு பளிச்சென்று இருந்தது. என் வீட்டுக்கு வந்த இரண்டும் நேராக ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிட்டன. நிறமும் வெளுத்துப்போனது. "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா கரண்டு?" என்று அம்மா கேட்டார். நான்காம் நாள் ஒன்று மிதந்தது. மற்றது தீனிக்குக்கூட வெளியே வரவில்லை, அதுவும் போய்விட்டது.

அப்புறம்தான் விசாரித்தேன். மேல் அமேசான் பக்கத்து மீன் இது, கூட்டமாகவே திரியும். 3, 4 செ.மீ. உடம்பு, தனியாக இருந்தால் பயந்தே கிடக்கும். குறைந்தது 6 வேண்டும், 10 இருந்தால் நல்லது. தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விட்டதும் என் தப்புதான். மீன் கழிவில் வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் சேர 4 முதல் 6 வாரம் ஆகும்.

'எங்க வீட்ல ரெண்டே ரெண்டு மூணு வருஷமா இருக்கு' என்று யாராவது இப்போது வருவீர்கள். சந்தோஷம். அவை தொட்டியின் நடுவுக்கு வருகின்றனவா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை 60 லிட்டர் தொட்டியை ஐந்து வாரம் மீன் விடாமல் ஓடவிட்டு 12 வாங்கினேன். முதல் வாரம் இரண்டு போயின, மீதி பத்தும் இரண்டு வருடமாக இருக்கின்றன. முதல் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் நிறமே இல்லை! மனைவியை எழுப்பிப் புலம்பினேன். இருட்டில் நிறம் மங்கி, விடிந்ததும் திரும்பும் என்று அப்போது தெரியாது.

வாரம் ஒரு பக்கெட், சுமார் 12 லிட்டர், தண்ணீர் மாற்றுகிறேன். இதற்கு எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் 'மீனுக்குத் தண்ணியை வீணாக்குறார்' என்று ஒருவர் போட்டார். ஞாயிறுதோறும் ஹோஸ் பிடித்துக் காரைக் குளிப்பாட்டுகிறவர் அவர். என் பக்கெட் தண்ணீர் வாட்ச்மேனின் கீரைப் பாத்திக்குப் போகிறது ஐயா!

சரி, உங்கள் விஷயம். ஆறாகவே வாங்குங்கள். கூட ஏஞ்சல் மீனை விடாதீர்கள், வளர்ந்ததும் இவற்றை விழுங்கிவிடும்.