பாடலை எழுதியவரே பாடும் அறை

கேள்வி: நாஷ்வில் நகரில் வேலை பார்க்கும் என் மகள், அடுத்த மாதம் நாங்கள் அங்கே செல்லும்போது ‘புளூபேர்டு கஃபே’ என்ற இடத்துக்கு எங்களை அழைத்துப் போகிறாளாம். தொண்ணூறு பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு கடைக்கு டிக்கெட் கிடைத்ததைப் பெரிய விஷயமாகச் சொல்கிறாள். எனக்கும் என் கணவருக்கும் அமெரிக்கக் கண்ட்ரி இசை பழக்கமே இல்லை. அங்கே அப்படி என்ன இருக்கிறது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரிதான், முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் அங்கே இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாசலில் இறங்கியதும் வழி தவறி வந்துவிட்டோமோ என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். கிரீன் ஹில்ஸ் பகுதியில், ஹில்ஸ்பரோ பைக் சாலையோரத்தில், கார்கள் நிறுத்தும் திடலைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும் சாதாரணக் கடைகளில் அதுவும் ஒன்று. 1982-இல் எமி கர்லண்ட் என்ற பெண்மணி அதை ஓர் உணவகமாகத்தான் திறந்தார். அவருடைய தந்தை நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்தவர் என்பதால் இசைக் கலைஞர்களின் வாழ்க்கை அவருக்குப் புதிதன்று. கடைக்குள் இருந்த சிறிய மேடையில் பாடலாசிரியர்கள் வந்து பாடத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் சாப்பாட்டைவிடப் பாட்டுக்காக வருகிறவர்களே மிகுந்துவிட்டார்கள்.

நீங்கள் பார்க்கப்போவது 1985-இல் அங்கே தோன்றிய ஒரு வழக்கம். நாஷ்வில் பாடலாசிரியர்கள் யாராவது ஒருவர் வீட்டில் இரவில் கூடி, கிதாரைக் கைமாற்றிக்கொண்டே தாங்கள் புதிதாக எழுதியவற்றைப் பாடிக் காட்டுவது நெடுநாளாக உள்ள பழக்கம். டான் ஷ்லிட்ஸ், தாம் ஷைலர் முதலிய நண்பர்கள் அதையே புளூபேர்டில் செய்துபார்க்க எண்ணி, மேடையை விட்டு இறங்கி, அறையின் நடுவில் நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். கேட்க வந்தவர்கள் அவர்களைச் சுற்றி அமர்ந்தார்கள். இன்றும் பல இரவுகளில் நிகழ்ச்சி அந்த அமைப்பிலேயே நடக்கிறது. நால்வர் முறைவைத்து ஒவ்வொரு பாடலாகப் பாடுகிறார்கள். ஒருவர் பாடும்போது மற்ற மூவரும் வெறுமனே காத்திருப்பதில்லை. தெரிந்த பாட்டாக இருந்தால் கிதாரிலோ குரலிலோ மெல்லச் சேர்ந்துகொள்கிறார்கள், தெரியாத பாட்டாக இருந்தால் நம்மைவிட உன்னிப்பாகக் கேட்கிறார்கள். நான் சென்றிருந்த இரவில் என் மேசைக்கும் பாடியவருக்கும் இடையே கை நீட்டினால் தொடும் தூரம்தான் இருந்தது. அடுத்த சரணத்துக்கு முன் அவர் மூச்சை இழுத்துக்கொண்டதுகூட எனக்குக் கேட்டது. இத்தனை அருகில் இருந்து ஒரு பாட்டைக் கேட்பது எத்தகைய அனுபவம் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

இசை பழக்கமில்லை என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது பிறந்த கதையைச் சொல்லுவார்கள்: யார் தற்செயலாகச் சொன்ன சொல் பல்லவியானது, எந்தச் சரணம் பல மாதங்கள் முடியாமல் கிடந்தது என்றெல்லாம். கண்ட்ரி பாடல்களில் பெரும்பாலானவை எளிய ஆங்கிலத்தில் ஒரு கதையைச் சொல்பவை என்பதால், அந்த முன்னுரையைக் கவனித்துவிட்டால் பாட்டை எளிதாகப் பின்தொடரலாம்.

கேள்வி: புகழ்பெற்ற பாடகர் ஏற்கெனவே நன்றாகப் பாடிவிட்ட பாட்டை, எழுதியவர் சுமாரான குரலில் பாடினால் அதைப் பணம் கொடுத்து ஏன் கேட்க வேண்டும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வரி ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. நாஷ்வில்லில் வரியும் மெட்டும் பெரும்பாலும் ஒருவரிடமிருந்தோ, ஒரே அறையில் கிதாரோடு உட்கார்ந்த இரண்டு மூன்று பேரிடமிருந்தோ சேர்ந்தே பிறக்கின்றன. பிறகுதான் பாட்டு நட்சத்திரப் பாடகரிடம் போகிறது. போனபின் அது அவருடைய பாட்டாகவே ஊருக்குத் தெரிகிறது. ‘தி கேம்ப்ளர்’ பாடலை 1976-இல் எழுதியபோது டான் ஷ்லிட்ஸுக்கு வயது 23. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இரவுப் பணியில் கணினி இயக்குபவராக இருந்தார். 1978-இல் கென்னி ரோஜர்ஸ் அதைப் பாடி வெளியிட்டார். உலகம் முழுவதும் கேட்ட அந்தப் பாட்டை ரோஜர்ஸின் பாட்டு என்று சொல்பவர்களில் எத்தனை பேருக்கு ஷ்லிட்ஸின் பெயர் தெரிந்திருக்கும்?

எழுதியவர் பாடும்போது, எந்தச் சொல்லில் அழுத்தம் விழவேண்டும் என்று அவர் நினைத்து எழுதினாரோ அந்தச் சொல்லில் விழுகிறது; ஒலிப்பதிவில் டிரம்ஸும் வயலின்களும் மூடிவிட்ட ஒரு வரி திடீரென்று தனியாகக் கேட்கிறது. குரல் உடைந்தால்கூட, அது அந்தக் கதைக்கு உரியவரின் குரல். என்னைக் கேட்டால், மெருகேற்றிய ஒலிப்பதிவைவிட இதற்கே நான் பணம் கொடுப்பேன்.

வருமானத்தைப் பற்றி ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குத் தொகை உண்டு, பாடியவருக்குக் கிடையாது. 1914-இல் தோன்றிய ஆஸ்காப், 1939-இல் தோன்றிய பிஎம்ஐ போன்ற அமைப்புகள் அதை வசூலித்துத் தருகின்றன. ஆனால் விற்கும் ஒலிப்பதிவின் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளர் பக்கத்துக்குச் சட்டப்படி வரையறுத்த தொகை 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட் என்ற அளவிலேயே நின்றது; அதையும் பதிப்பாளருடனும் உடன் எழுதியவர்களுடனும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இறுவட்டு (சிடி) விற்பனை சரிந்தபின் எழுத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த பலர் நாஷ்வில்லில் அந்தத் தொழிலை விட்டுப்போக நேர்ந்தது. 2008-இல் எமி கர்லண்ட் தம் கடையை, 1967 முதல் இயங்கிவரும் நாஷ்வில் பாடலாசிரியர் சங்கத்திடம் ஒப்படைத்ததை இந்தப் பின்னணியில் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: புளூபேர்டு கஃபேயில் பாட்டு நடக்கும்போது பேசினால் கண்டிப்பார்களாமே, உண்மையா?
— வாசகர், ஈரோடு

பதில்: உண்மை. ‘உஷ்’ என்பதே அந்த இடத்தின் அடையாளச் சொல் ஆகிவிட்டது. மேசைகள் நெருங்கிக் கிடக்கும் அறையில் ஒருவர் கிசுகிசுத்தால் பாடுபவருக்கே கேட்கும். நுழைவுக் கட்டணம் போக ஒவ்வொருவரும் குறைந்தபட்சம் ஒரு தொகைக்கு உணவோ பானமோ வாங்க வேண்டும். வேண்டியதைப் பாட்டு தொடங்கும் முன்பே பணியாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: நானும் பாட்டெழுதி மெட்டமைக்கிறேன். பெயர் தெரியாத ஒருவருக்கு அப்படிப்பட்ட இடத்தில் வாய்ப்புக் கிடைக்குமா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கிடைக்கும். திங்கட்கிழமை இரவுகள் புதியவர்களுக்கானவை; தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பாடவைக்கும் முறையும் உண்டு. பின்னாளில் கண்ட்ரி இசையின் பெரும் நட்சத்திரமான கார்த் புரூக்ஸைக் கேபிடல் என்ற இசைத்தட்டு நிறுவனம் முதலில் வேண்டாம் என்று அனுப்பியிருந்தது. 1988-இல் புளூபேர்டில் அவர் பாடியதைக் கேட்ட அதே நிறுவனத்தின் அதிகாரி மனம் மாறினார். 2004-இல் பதினான்கு வயது டெய்லர் ஸ்விஃப்ட் பாடியதை, பின்னர் அவருடைய முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட ஸ்காட் போர்செட்டா கேட்டதும் அங்கேதான். இந்தப் பெயர்களைக் காட்டி உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதே மேடையில் பாடிவிட்டு மறுநாள் காலையில் வேலைக்குப் போனவர்கள்தான் மிகுதி. ஆனால் நீங்கள் எழுதியதைத் தொண்ணூறு பேர் ஒரு சொல்லும் பேசாமல் கேட்பது, எழுதுபவருக்குச் சிறிய கொடையன்று. திங்கட்கிழமையில் ஒருவருக்கு ஒன்றோ இரண்டோ பாடல்களுக்குத்தான் நேரம் இருக்கும். ஆகவே உங்களிடம் இருப்பதில் எந்த ஒரு பாட்டு, கிதாரும் குரலும் மட்டுமே துணையாக இருந்தாலும் எடுபடும் என்று இப்போதே பாடிப் பார்த்துவிடுங்கள்.