சிலந்தி கடிக்கவில்லை, கண் ஏன் சிவந்தது?

கண் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. டாரண்டுலா என்கிற பெரிய சிலந்தி ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறான். சிலி நாட்டு வகை என்று சொல்கிறான். இரண்டு வாரத்துக்கு முன் தொட்டியைத் துடைத்தான். அன்று இரவே வலது கண் உறுத்தத் தொடங்கியது. இப்போது சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே கூசுகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் கொஞ்சமும் குறையவில்லை. "அது என்னைக் கடிக்கவே இல்லை அம்மா, இது சாதாரணக் கண் வலிதான்" என்கிறான். இன்னும் சில நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. இதைப் படித்து முடித்ததும் அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாகச் சிலந்தியைப் பற்றிச் சொல்லுங்கள்.

கடிக்கவில்லை என்று உங்கள் மகன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் டாரண்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடி என்பது கடைசி ஆயுதம். முதல் ஆயுதம் வயிற்றின் மேற்புறத்தில் இருக்கிறது. பார்ப்பதற்குப் பட்டுப்போல் தெரியும் அந்த ரோமத்துக்கு நடுவே ஆயிரக்கணக்கில் சுணை முடிகள் உண்டு. மிரண்டுவிட்டால் பின்னங்கால்களால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்து அவற்றைக் காற்றில் கிளப்பிவிடும். மோப்பம் பிடித்துக்கொண்டு வளைக்குள் மூக்கை நுழைக்கும் எலியை விரட்டுவதற்கான ஏற்பாடு அது. தொட்டிக்குள் குனியும் மனித முகமும் அதற்கு ஒரு பெரிய மூக்குதான்.

கம்பளிப்பூச்சியின் சுணை பட்டு அரித்தது நினைவிருக்கும். இதுவும் அந்தச் சாதிதான். ஒவ்வொரு முடியும் மில்லிமீட்டர் கணக்கில் அடங்கிவிடுகிற ஓர் ஈட்டி. பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கிகள். புல்லின் கதிர்க்கூர் துணியில் மாட்டிக்கொண்டால் நடக்க நடக்க முன்னேறிப் போகுமே தவிரப் பின்வாங்காது, கவனித்திருக்கிறீர்களா? கண்ணில் குத்திய சுணையும் அப்படித்தான். நாம் சிமிட்டுகிறோம், கண்ணை உருட்டுகிறோம், உறுத்துகிறது என்று கசக்குகிறோம். ஒவ்வோர் அசைவும் அதை உள்ளே தள்ளும் ஒரு சிறு தட்டு. இந்த முடிகளில் ஏழு வகைகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். அவற்றில் மூன்றாம் வகை, மனிதத் தோலில் 2 மில்லிமீட்டர் ஆழம் வரை போகக்கூடியது. உங்கள் மகன் வளர்க்கும் சிலி நாட்டு வகையிடம் இருப்பவற்றில் அதுவும் ஒன்று.

இதில் நான் ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் சிவந்த கண்ணோடு வந்தார். தூசி விழுந்ததா என்று கேட்டேன், இல்லை என்றார். வெல்டிங் வேலையா என்றேன், அதுவும் இல்லை. அவசர அவசரமாகப் பார்த்துக் கண் வலி என்று எழுதி அனுப்பிவிட்டேன். பத்தாம் நாள் அதே கண், இன்னும் மோசமாகத் திரும்பி வந்தது. அப்போதுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆரஞ்சு நிறச் சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் மேல் செங்குத்தாக மெல்லிய பச்சைக் கோடுகள், பூனை பிறாண்டியதுபோல. மேல் இமைக்கு அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கீறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. இமையைப் புரட்டினேன். ஸ்லிட் லாம்ப் கருவியில் உருப்பெருக்கத்தை ஏற்றக்கூடிய மட்டும் ஏற்றி, ஒளிக்கீற்றைச் சாய்த்தேன். பிசிறுபோல் இரண்டு முடிகள் இமையின் உட்புறத்தில். கருவிழிக்குள் இன்னும் சில, கண்ணாடியில் விழுந்த நுண்விரிசல்போல மின்னின.

"வீட்டில் ஏதாவது பிராணி வளர்க்கிறீர்களா?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "ஒரு டாரண்டுலா. ஆனால் அதை நான் தொடவில்லை டாக்டர், அது உரித்துப் போட்ட சட்டையைத்தான் எடுத்தேன்" என்றார்.

அடுத்த முறை வரும்போது அந்தச் சட்டையையே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்தார். எட்டுக் கால்களும் முழுசாக, உள்ளே வெறுமையாக, வயிற்றுப் பகுதி மட்டும் உலர்ந்த திராட்சைபோல் சுருங்கிக் கிடந்தது. ஆர்வக்கோளாறில் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்க்காத குறையாகக் குனிந்தேன். மூக்குக்கண்ணாடி புண்ணியத்தில் கண் பிழைத்தது. மணிக்கட்டு நான்கு நாள் அரித்தது. சிலந்தியே இல்லாமல் சிலந்தியின் வேலை நடக்கும் என்று அந்த அரிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

2010 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர்கள் எழுதிய ஒரு குறிப்பும் ஏறக்குறைய இதே கதைதான். 29 வயதுக்காரர், அதே சிலி நாட்டு வகை. தொட்டிக் கண்ணாடியில் போகாத ஒரு கறையை மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே ஏதோ அசைவதுபோல் தோன்றித் திரும்பிய கணத்தில் பனிமூட்டம்போல முடிகள் முகத்தில் விழுந்திருக்கின்றன. கிருமிக்கொல்லி மருந்து பலிக்கவில்லை. நுண் இடுக்கியாலும் அவற்றைப் பிடித்து எடுக்க முடியவில்லை, அவ்வளவு பொடி.

ஆகவே, உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: மருத்துவரிடம் சிலந்தியை மறைக்க வேண்டாம். 'இதெல்லாம் வளர்க்கிறாயா?' என்று திட்டுவாரோ என்று பலர் வாயைத் திறப்பதில்லை. திட்டினால் திட்டட்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் அந்த முடியைக் கண்டுபிடிப்பது, நல்ல கருவி இருந்தாலும், குருட்டாம்போக்குதான்.

கேள்வி: சிலந்தி முடி கண்ணில் பட்டுவிட்டது என்று அந்தக் கணமே தெரிந்தால் என்ன செய்வது?

பதில்: செய்யக் கூடாததை முதலில் சொல்கிறேன். கசக்கக் கூடாது. கை தானாகப் போகும், பிடித்து நிறுத்துங்கள். அந்தக் கையில் இன்னும் எத்தனை முடிகள் ஒட்டியிருக்கின்றனவோ! முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றிவிடுங்கள். அதைத் திரும்பப் போட வேண்டாம். இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரையோ சலைன் திரவத்தையோ தாராளமாக, மெதுவாக ஓடவிடுங்கள். குத்தாமல் மேலே மிதப்பவை அதில் போய்விடும். குத்திவிட்டவை போகாது. கண்ணாடி முன் நின்று சாமணத்தால் பிடுங்குவது, துணி நுனியால் துடைத்து எடுப்பது எல்லாம் விபரீதம். தோலில் பட்டதைப் பசை நாடாவை ஒட்டி உரித்து எடுக்கலாம். கண்ணுக்கு அந்த வித்தை கிடையாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் கண்ணிலிருந்து நான்கு முடிகளை எடுத்த மருத்துவர், ஆழத்தில் இருந்த இரண்டை அப்படியே விட்டுவிட்டார். "இருக்கட்டும், கண்காணிப்போம்" என்கிறார். ஆறு வாரமாக ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஓடுகிறது. கண்ணுக்குள் முடியை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பது? இது அலட்சியம் இல்லையா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நானாக இருந்தாலும் பெரும்பாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள் ஆழமாகக் கிடக்கும் ஒரு முடியைத் தோண்டி எடுக்கப் போனால், கொக்கிகள் பிடித்துக்கொண்டு முடி ஒடியும். தோண்டிய இடம் தழும்பாகும். பார்வைக்கு நேரே விழும் தழும்பு, முடியைவிடப் பெரிய தொல்லை. மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எடுப்பது, ஆழத்தில் சும்மா கிடப்பதைச் சீண்டாமல் அழற்சியை மருந்தால் அடக்குவது என்பதுதான் வழக்கமான முறை.

இந்த நோய்க்கு ஆப்தால்மியா நோடோசா என்று பெயர். 1904-ல் செமிஷ் என்கிற ஜெர்மானியக் கண் மருத்துவர் வைத்தது. அன்று குற்றவாளி கம்பளிப்பூச்சி. டாரண்டுலா பிற்பாடு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. முடியைச் சுற்றி உடல் சிறு முடிச்சுகளைக் கட்டுவதால் அந்தப் பெயர். 1984-ல் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். பட்டவுடன் வரும் வீக்கத்தில் தொடங்கி, முடி கண்ணின் பின்பகுதிக்கும் விழித்திரைக்கும் போய்ச் சேருவது வரை அந்த வரிசை நீள்கிறது. எல்லோருக்கும் அவ்வளவு தூரம் போவதில்லை. போகிறதா என்று பார்க்கத்தான் உங்களை மறுபடி மறுபடி வரச் சொல்கிறார். தவணை தவறாதீர்கள். இடையில் பார்வை மங்கினாலோ, கண்முன் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, அடங்கியிருந்த வலியும் கூச்சமும் மீண்டும் தலைதூக்கினாலோ தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது இருபுறமும் கூரான கத்தி. சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். நீண்ட நாள் போட்டால் கண்புரையும் வரலாம். ஒவ்வொரு வருகையிலும் கண்ணழுத்தத்தை அளக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். சிவப்பு போய்விட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முதல் கேள்வி கேட்ட அம்மாவுக்கும் இது பொருந்தும்: சீட்டில்லாமல் இந்த மருந்தை வாங்கி மகனுக்கு விட்டுவிடாதீர்கள். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் கிருமியாகவோ பூஞ்சையாகவோ இருந்தால் கண் கெட்டே போகும்.

கேள்வி: எல்லா டாரண்டுலாவுக்கும் இந்த முடி உண்டா?

பதில்: இல்லை. ஆசிய, ஆப்பிரிக்க வகைகளுக்குக் கிடையாது. அதற்காக மகிழ வேண்டாம். அவை கடிப்பதில் சளைத்தவை அல்ல, விஷமும் பொதுவாகக் கடுமை. அமெரிக்க வகைகளுக்குள்ளும் பழக்கம் வேறுபடும். மரத்தில் வாழும் அவிகுலேரியா இனம் பெரும்பாலும் முடியைப் பறக்கவிடாது, உடலை அழுத்தித் தேய்த்து ஒட்டவைக்கும். எஃபெபோபஸ் இனத்துக்குச் சுணை வயிற்றில் இல்லை, முகத்தருகே உள்ள உணர்கொம்புக் கால்களில். எல்லாவற்றிலும் பெரிய கோலியாத் வகை, முட்டைப் பையிலும் சட்டை உரிக்கப் படுக்கும் வலைப்பாயிலும் இந்த முடிகளைச் சேர்த்துப் பின்னிவைக்கும். வலைதானே என்று கையால் வழித்தெடுப்பவர்கள் கவனிக்க.

கேள்வி: வளர்ப்பதை நிறுத்த மனமில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தொட்டியைச் சுத்தம் செய்தால் போதாதா?

பதில்: என்னைக் காப்பாற்றியது மூக்குக்கண்ணாடிதான், ஆனாலும் அதை நம்பச் சொல்லமாட்டேன். மேலேயும் பக்கத்திலும் திறந்து கிடக்கிறதே! நாற்புறமும் முகத்தோடு பொருந்தும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கு முகக்கவசம். துடைப்பதற்கு முன் சிலந்தியை வேறொரு மூடிய பெட்டிக்கு மாற்றுங்கள். ஒரு கண்ணைக் கறையிலும் ஒரு கண்ணைச் சிலந்தியிலும் வைத்து யாராலும் வேலை செய்ய முடியாது. தொட்டிக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், ஊதித் தூசி தட்டாதீர்கள். உரித்த சட்டையை நீண்ட இடுக்கியால் எடுத்து நேராகப் பையில் போட்டுக் கட்டுங்கள். சிலந்தியின் வயிற்றில் வழுக்கைத் திட்டு தெரிந்தால், அந்த முடிகள் தொட்டிக்குள் எங்கோ கிடக்கின்றன என்று பொருள். அடுத்த சட்டை உரிக்கும்வரை அந்த வழுக்கை நிரம்பாது. சட்டை உரித்த மறுநாளோ புது முடிகள் முழுத் தொகையாக இருக்கும்.