அடக்கிய கையும் அடங்கிய கல்லும்

கேள்வி: புயலும் வெள்ளமும் ஓயாத இவ்வுலகில், காவிரியையே அடக்கிய கரிகாலனைப் போல இயற்கையை வென்று, மனிதன் மன நிம்மதியோடு வாழ வழி என்ன?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: 'அடக்கிய' என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. மேடைதோறும் முழங்கப்படும் அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு.

கல்லணை காவிரியை அடக்கவில்லை. காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் ஆற்றின் படுகை தாழ்ந்தது; விட்டால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிடும். அதைத் தஞ்சை வயல்களின் பக்கம் திருப்பிவிடுவதற்காக 1080 அடி நீளத்துக்கு இடப்பட்ட கல் வரப்பு அது. வெள்ளம் பெருகினால் ஆறு அதன்மேல் ஏறிக் கொள்ளிடத்தில் இறங்கிவிடும். அப்படிப் போகட்டும் என்றுதான் அதைத் தாழ்வாகவே கட்டினார்கள்.

ஓடும் ஆற்றில் கணுக்காலளவு நீரில் அசையாமல் நின்றிருக்கிறீர்களா? குதிகாலுக்கு அடியில் மணல் அரித்துக்கொண்டே போகும், பாதம் புதையும், புதைய வேண்டிய மட்டும் புதைந்தபின் அங்கேயே நிலைகொள்ளும். கல்லணையின் கற்களும் அப்படி நின்றவைதான். மணலுக்கு அடியில் பாறையைத் தேடித் தோண்டாமல், கற்களை மணலிலேயே இறக்கி, அவை அமிழ அமிழ மேலே அடுக்கி, இடையில் களிமண்ணை இட்டு எழுப்பியிருக்கிறார்கள். ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளமிடும் வித்தையை இதைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று ஆர்தர் காட்டன் எழுதிவைத்தார். 1836இல் திருச்சிக்கு அருகே முக்கொம்பில் மேலணையையும், பிற்பாடு தவளேசுவரத்தில் கோதாவரி அணையையும் கட்டியவர் அவர். நாட்டை ஆண்ட கும்பெனியின் பொறியாளர், பெயர்கூடத் தெரியாத கொத்தர்களை ஆசானாக ஏற்றுக்கொண்டாரே, அதைத்தான் நான் அடக்கம் என்பேன்.

அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில்தான் 2018 ஆகஸ்ட் 22 அன்று 9 மதகுகள் வெள்ளத்தோடு போயின. மணலில் நிற்கும் அணைக்கு மணல்தான் உயிர். அதை லாரி லாரியாக அள்ளிக்கொண்டே, கரிகாலனின் வாரிசுகள் என்று மார்தட்டுகிறவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. இதை முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

மன நிம்மதிக்கு வழி கேட்டீர்கள். உங்கள் ஊரிலேயே காவிரி ஓடுகிறது. தண்ணீர் வந்ததும் படித்துறையின் கடைசிப் படியைத் தாண்டி மணலில் கால் வைத்துச் சற்று நேரம் நில்லுங்கள். பாதம் எதுவரை புதைந்து நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.